குடிக்காத கோப்பை

எல்லோரும் குடித்துவிட்டார்கள். ரபி லிப்கின் மட்டும் கோப்பையைக் கையில் வாங்கி, அப்படியே கீழே வைத்துவிட்டார்.

பெத்லகேம் அகதி முகாமில், அபூ ஹில்மியின் வீடு. பாலஸ்தீனர்களை நேரில் பார்த்துப் பேச அமெரிக்காவிலிருந்து வந்த ஆறு ரபிகள், அதாவது யூத குருமார்கள், உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க நான்.

அபூ ஹில்மி காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். வருகிறவர்கள் காபி குடிக்கிறார்கள், தலையாட்டுகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இவர்களும் அப்படித்தான் என்றால் இனி யாருக்கும் இந்தக் கதவு திறக்காது என்று.

குழுத் தலைவர் ரபி ஸ்டான்லி மூன்று கோப்பை குடித்தார். ஏலக்காய் வாசனையைப் புகழ்ந்தார். நான்கு படம் எடுத்தார்.

அபூ ஹில்மியின் தம்பி நிஸாரோ அந்த நிறைந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துரைக்கு நம்ம வீட்டுக் கோப்பை ஆகாதோ? இல்ல, விஷம் வெச்சிருப்போம்னு பயமா?"

"சர்க்கரை போதுமா என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தேன்.

லிப்கின் நிஸாரின் முகத்தைப் பார்த்தார். நம்பவில்லை.

அபூ ஹில்மி எழுந்து வந்தார். லிப்கினின் கோப்பையை எடுத்து, எல்லோரும் பார்க்கப் பாதியைக் குடித்தார். மீதியை அவர் முன்னால் வைத்தார்.

"விஷம் இல்ல. இப்பக் குடிக்கச் சொல்லு."

லிப்கின் தொடவில்லை.

ஸ்டான்லி பல்லைக் கடித்தார். "ஒரு வாய் குடிச்சுத் தொலைய்யா. மானம் போகுது."

நிஸார் போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். எல்லோரும் வெளியே போகலாம் என்று அர்த்தம்.

லிப்கின் என் பக்கம் திரும்பினார்.

"பஸ்ல நீங்க சொன்னது நிஜந்தானே? ஒண்ணு கேக்கணும்னு வந்த விருந்தாளி, வீட்டுக்காரர் சரின்னு சொல்ற வரைக்கும் காபி குடிக்கக் கூடாதுன்னு?"

பஸ்ஸில் பத்துக் கதை விட்டிருந்தேன். ஒன்பது பொய். இந்த மனிதர் பிடித்துக்கொண்டது பத்தாவதை.

விஷயத்தைச் சொன்னதும் அபூ ஹில்மி மெதுவாக உட்கார்ந்தார். "சரின்னு சொல்லு. கேக்கட்டும்."

லிப்கின் சட்டைப்பையிலிருந்து பழுப்பேறிய ஒரு சான்றிதழை எடுத்துப் பிரித்தார். ஒன்பது வயதில், பள்ளிக்கூடத்தில் உண்டியல் குலுக்கி, இந்த நாட்டுக் காடொன்றில் அவர் பெயரில் ஒரு பைன் மரம் நட்டதற்குக் கொடுத்தது.

"உங்க ஊரை இடிச்சுட்டு, அது மேலதான் அந்தக் காட்டை நட்டாங்கன்னு போன வருஷந்தான் தெரிஞ்சுது. அதுக்குத்தான் வந்தேன். இதுல என் பேர் இருக்கு, ஊர் பேர் இல்ல. அதை நீங்க சொல்லணும்."

அபூ ஹில்மி அந்தத் தாளைத் தடவினார்.

"தேர் லோஸ்" என்று ஊர்ப் பெயரைச் சொன்னார்.

நிஸார் கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ஆறிப்போச்சே, வேற போடச் சொல்றேன்" என்று அபூ ஹில்மி கோப்பைக்குக் கை நீட்டுவதற்குள், அவர் வாய் வைத்த மிச்சத்தை லிப்கின் ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்திருந்தார்.