காலி வீட்டுச் சத்தம்

நாள் முழுக்கச் செங்கல் சுமந்ததில் சித்தாளுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. சுவரில் சாய்ந்தவள், பக்கத்துக் காலி வீட்டில் அடி விழும் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். "ஐயோ, அடிக்காதே" என்று ஒரு பெண் அலறினாள்.

"வீடு பார்க்க வந்தவங்களா இருக்கும். புருசன் பொண்டாட்டி சண்டை, நமக்கெதுக்கு?" என்றான் அவள் புருசன்.

"அந்தக் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. பொண்டாட்டியை அடிச்சாலும் சட்டப்படி குத்தம். பக்கத்து வீட்டுக்காரங்களே புகார் குடுக்கலாம். நீ வர்றியா, நான் மட்டும் போகவா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டான். இவர்கள் போவதற்குள் எதிர்வீட்டுத் தையல்காரர் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

திறந்தவள் கையில் துடைப்பக்கட்டை. உள்ளே ஒரு பழைய மெத்தை. வேறு ஆளில்லை.

"அடிச்சவன் எங்கேம்மா?" என்றார் தையல்காரர்.

"நான்தாண்ணே, மெத்தையை அடிச்சு நானே கத்தினேன். புருசன்கிட்ட அடி வாங்கினது போதும்னு என் தங்கச்சி தனியா வர்றா. அவளுக்குத்தான் வீடு பார்க்குறேன். பழைய தெருவில அவ கத்தினப்போ ஒரு கதவும் திறக்கலை. இங்கே திறக்குமான்னு பாத்தேன்."

"அதுக்கு என் இடுப்புதான் கிடைச்சுதா?" சித்தாள் சிரித்துவிட்டாள். "அவளைத் தைரியமா வரச்சொல்லு. நாங்க இருக்கோம்."

வீடு பார்க்க வந்தவளின் முகம் தெளிந்தது. வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆமா, அங்கே அவளுக்குப் பக்கத்து வீட்டில யாரு இருந்தா?" என்று கேட்டாள் சித்தாள்.

"நான்தாங்க்கா. இன்னும் அவகிட்ட மன்னிப்பு கேக்கலை. அந்தக் கடன் அப்படியே நிக்குது."