நறுக்கிய கோடு

மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டாள்.

முதலில் எம்பி3. பிறகு அதே கச்சேரியின் ஃபிளாக்.

ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நாகஸ்வரம் நிற்கிறது. தவில் நிற்கிறது. ஜால்ராவின் கடைசி ஒலி மட்டும் தனியாக ஓய்கிறது.

எம்பி3 சின்னக் கோப்பு. இடத்தை மிச்சம் பிடிக்க, பெரும்பாலோர் கவனிக்காத ஒலிகளை அதில் கழித்துவிடுவார்கள். ஜால்ரா ஓயும் இடத்தில் அந்தக் குறை தெரியும். சோற்றில் மணல் அகப்பட்டதுபோல ஒரு நறநறப்பு. ஃபிளாக்கில் எதையும் கழிப்பதில்லை. பதிவானது பதிவானபடி இருக்கும்.

இப்போது இரண்டும் ஒன்றாகவே கேட்டன. இரண்டிலும் அதே நறநறப்பு; அது கோப்பில் இருக்கிறதா, தன் காதிலா என்று பிரிக்க முடியவில்லை.

இது ஆறாவது முறை.

மருந்து ஏற்றத் தொடங்கும் முன்பே டாக்டர் சொல்லியிருந்தார். கட்டி கரையும். காது கொஞ்சம் போகலாம். கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும்.

கட்டி கரைந்துவிட்டது.

டப்பிங் ஸ்டூடியோவில் பதினேழு வருடமாக ஒலிப்பதிவு செய்கிறவள். திங்கட்கிழமையிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தாள். தலைமுடி கொட்டியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. முடி வளர்ந்துவிடும். காதை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

கண்ணாலாவது பார்ப்போம் என்று ஃபிளாக் கோப்பை எடிட்டிங் மென்பொருளில் திறந்தாள். ஒலி, படமாக விரிந்தது. அடியில் கனத்த ஒலிகள். மேலே போகப் போகக் கூர்மையானவை.

மேலே கால் பங்கு வெறும் கறுப்பு.

கத்தியால் நறுக்கிய மாதிரி நேர்க்கோடு.

எம்பி3 நறுக்குகிற கோடு அது. ஃபிளாக்கில் அதற்கு வேலையே இல்லை.

"ஏங்க, இந்தப் பாட்டையெல்லாம் யாரு மாத்துனது?"

கணவன் தயாபரன் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தான். கையில் முருங்கைக்கீரை. முகத்தில் பெருமை.

"நான்தான். நீ ஆஸ்பத்திரியில இருந்தப்ப. எம்பி3ன்னாலே திட்டுவியே. அதான் எல்லாத்தையும் கன்வெர்ட்டர்ல போட்டு ஃபிளாக்கா மாத்திட்டேன். ரெண்டாயிரத்துச் சொச்சம் பாட்டு."

அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கலந்த பாலைப் பெரிய பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, பால் கெட்டியாகிவிட்டது என்று நிற்கிற மனிதன்.

கட்டிக்கொள்ளத் தோன்றியது. நாலு சாத்தவும் தோன்றியது.

ஆனால் இது பாதி நிம்மதிதான். ஃபிளாக் போலி என்று தெரிந்தது; காது தேறியதா என்று தெரியவில்லை.

பீரோவிலிருந்து அசல் சிடியை எடுத்தாள். கோயில் மண்டபத்தில் அவளே பதிவு செய்த கச்சேரி. அதிலிருந்து நிஜமான ஃபிளாக் ஒன்று எடுத்தாள். அதைக் கழித்து எம்பி3 ஒன்று செய்தாள். லேப்டாப்பை அவனிடம் கொடுத்தாள்.

"உங்க இஷ்டத்துக்கு மாத்தி மாத்திப் போடுங்க. எதைப் போட்டீங்கன்னு எழுதிக்குங்க. வாயத் தொறக்கக் கூடாது."

அவன் வாயை அவள் நம்பவில்லை. ஒரு வாய்க் கஞ்சி இறங்காத நாட்களிலும், நேற்றைக்கு இன்றைக்குத் தேவலை என்று சொன்னவன். ஆறு மாதமாக நல்லதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறான். அவன் முகமும் எதையாவது சொல்லிவிடும்.

சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். தன் காகிதத்தில் தனியாக எழுதினாள்.

பத்து முறை.

நான்காவது முறை ஜால்ரா ஓயும்போது மணல் அகப்பட்டது. சந்தேகமே இல்லை.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரல் ஓட்டி, அவளே சரிபார்த்தாள்.

ஒன்பது சரி.

இன்னொரு தடவை பார்த்தாள். ஒன்பதுதான்.

அழுகை வந்தது. துடைக்காமல் விட்டாள். அப்பாடா என்றிருந்தது.

தயாபரன் கொஞ்ச நேரம் அவளை அழவிட்டான். பிறகு ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"எனக்கும் வையி. அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துடறேன்."

அவள் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். அவன் கண்ணை மூடி, பெரிய வித்வான் மாதிரி தலையாட்டிக் கேட்டான். ஒவ்வொன்றுக்கும் வெகுநேரம் யோசித்தான். பத்தும் முடிந்ததும் காகிதத்தை நீட்டினான்.

"எத்தன?"

விரல் ஓட்டிப் பார்த்தாள். மூன்று.

"எட்டு."

"பரவால்லையே," என்றான். காதைத் தடவிக்கொண்டே மீதிக் கீரையை ஆயப் போனான்.

அவன் முதுகு மறைந்த பிறகு, அவனுடைய காகிதத்தைச் சத்தமில்லாமல் கிழித்தாள்.