பாதிப் பெயரில் நின்ற மோட்டார்

எல்பியோவின் கார் ஷெட்டில் மாலை வெயிலோடு மரத்தூளும் மிதக்கிறது. நடுவில், மரம் செதுக்கும் மெஷின் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருக்கிறது. நாளை பேத்திக்கு ஞானஸ்நானம். தொட்டில் பலகையில் அவள் பெயரில் ‘மாக்ட’ வந்துவிட்டது. ‘லேனா’ இன்னும் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. மோட்டாரின் தேய்ந்த கார்பன் பிரஷ்ஷை மாற்றியாயிற்று, தூசியை ஊதியாயிற்று. பேரிங்கை விரலால் சுற்றிப் பார்க்கிறார், வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. பிறகு என்னதான் கேடு? சமையலறையில் கெட்டில் செருகும் ப்ளக்கிலிருந்து அவரே இழுத்துவந்த வயரில் மெஷினைச் செருகி, ஸ்விட்சைத் தட்டுகிறார். மோட்டார் சீறி எழுகிறது. உளிமுனை ‘லே’யின் வளைவில் இறங்குகிறது. எல்பியோ வாய்விட்டுச் சிரிக்கிறார்.

“நிபியா, ஓடுதுடி! மாத்தே டீக்குத் தண்ணி போடு!”

உள்ளே அவர் மனைவி மின்கெட்டிலைத் தட்டுகிற ‘டிக்’ கேட்கிறது. தலைக்கு மேல் குண்டு பல்பு மஞ்சளாக மங்குகிறது. மோட்டார் இழுத்து, முனகி, நின்றுவிடுகிறது. அவர் ஸ்விட்சை அணைக்கிறார்.

“நான் சிரிச்சாப் போதும், இதுக்கு மூக்குல வேர்த்துடுது!”

சத்தம் நின்றதைக் கேட்டு நிபியா கெட்டிலை அணைத்துவிட்டு, மாத்தே குடிக்கும் சுரைக்குடுவையை வெறுமனே ஏந்தியபடி ஓடிவருகிறாள். பல்பு பளிச்சென்று எரிகிறது. எல்பியோ அதைப் பார்க்கவில்லை. மோட்டாரையே முறைத்தபடி ஸ்விட்சை மறுபடி தட்டுகிறார். ஓடுகிறது. இம்முறை அவர் மூச்சு விடவில்லை. சிரிப்பு வந்துவிடக் கூடாதென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். மரச்சுருள்கள் அவர் செருப்பில் உதிர்கின்றன. ‘லே’ முடிந்து, ‘னா’ தொடங்குகிறது.

நிபியாவுக்குப் பொறுக்கவில்லை. அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டுகிறாள்.

“ஓடுது பாரு கிழவா! இரு, பாதியில அணைச்ச தண்ணிய மறுபடி போட்டுட்டு வரேன்.”