மொட்டைமாடிப் புல்

பக்கவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து கோதண்டம் பார்த்துக்கொண்டிருந்ததெல்லாம் கட்டிலுக்கு மேலே தெரியும் தளத்தைத்தான். மேல்மாடி வீடு. சித்திரை பிறந்தால் அந்தத் தளம் தோசைக்கல்லாகக் காயும். மின்விசிறி அனலைக் கீழே தள்ளும். ஈரத்துணியால் அவர் நெஞ்சைத் துடைத்தபடியே இருப்பாள் மனைவி வசுமதி.

போன ஆவணியில் அவள் ஆள் வைத்து, ஒழுகாதபடி மொட்டைமாடிக்குப் பூச்சுப் பூசினாள். பிறகு வாளி வாளியாகச் செம்மண்ணைத் தானே சுமந்து ஏற்றிப் புல் பதித்தாள்.

"உனக்கெதுக்குடி இந்த வயசுல?" என்றார் அவர், குழறலாக.

"நீங்க சும்மா படுங்க."

இந்தச் சித்திரையில் ஒரு மதியம் அவர் கூப்பிட்டார். என்னவோ ஏதோ என்று ஓடிவந்தாள்.

"வசு, ஒரு போர்வை இருந்தா போத்தி விடேன். லேசா குளுருது."

அவள் அண்ணாந்து தளத்தைப் பார்த்தாள்; மின்விசிறிக் காற்றில் அனல் இல்லை. கழுத்துவரை போர்த்திவிட்டு மாடிப்படி ஏறினாள். உச்சிவெயிலில், அவர் கட்டிலுக்கு நேர்மேலே வரும் இடத்தைக் காலடியால் அளந்து கண்டுபிடித்து, அந்தப் புல்லில் குப்புறப் படுத்துக் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.