எட்டெட்டாகக் குறைந்த சத்தம்

"அப்பா, இவன் என் பென்சிலைப் பிடுங்கிட்டான்பா!"

மகள் போட்ட கூச்சலில் வீடே அதிர்ந்தது. புரோகிராமர் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"மெதுவா கத்துடி. கீழ் வீட்டம்மா சண்டைக்கு வந்துடப் போறாங்க" என்றபடி ஓர் எண்ணைத் தட்டினார்.

"பிள்ளைங்கன்னா கத்தத்தான் செய்யும். நீங்க உங்க வேலையைப் பா... பா... பா..." மனைவியின் குரல் திக்கி நின்றது.

அவருக்குச் சுருக்கென்றது. மனைவி போன வருஷமே கண்ணை மூடிவிட்டாள். பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊரில். எப்போதோ பதிவு செய்து வைத்த இந்தச் சத்தம்தான் இப்போது துணை. அது திக்கும்போதெல்லாம் தனியாக இருக்கிறோம் என்பது உறைத்துவிடுகிறது, பாவம் மனுஷனுக்கு.

சத்தத்தைக் குறைத்ததில் வந்த வினை இது. கம்ப்யூட்டருக்கு ஒலி என்பது வெறும் எண் வரிசை. சத்தம் பாதியாக, வரிசையில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அரையால் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பெருக்கினால் அந்தக் கிழட்டு மெஷினுக்கு மூச்சு வாங்குகிறது.

ஒரே கட்டளையில் எட்டு எண்களை ஒரே சமயத்தில் அரையால் பெருக்கும் வசதியும் அதில் இருந்தது. உட்கார்ந்து அப்படியே மாற்றி எழுதினார். குரல்கள் திக்காமல் ஓடின.

கீழ் வீட்டில் டிவி சட்டென்று நின்றது. பிள்ளைகள் சத்தம் ஆரம்பித்தால் அந்தம்மா தினமும் டிவியை நிறுத்திவிடுவார். அவ்வளவு எரிச்சல்!

டப்! டப்! டப்!

"அட கடவுளே!" கம்ப்யூட்டர் ஒலியைத் துண்டு துண்டாகத்தான் எடுத்து ஓட்டும். ஒவ்வொரு துண்டின் கடைசியிலும் எட்டுக்குள் அடங்காமல் மிஞ்சிய நாலைந்து எண்களைப் பெருக்க மறந்திருந்தார். அவை முழுச் சத்தத்தோடு வெடித்தன. பதறிப்போய் அவற்றையும் சேர்ப்பதற்குள் காலிங் பெல் அடித்துவிட்டது.

வாசலில் கீழ் வீட்டம்மா.

"சத்தம் விஷயமாத்தான் வந்தேன் சார்."

போச்சு. இதுவும் இல்லையென்றால் இந்த வீட்டில் எப்படி இருப்பது?

"மன்னிச்சுக்கோங்கம்மா, வெறும் ரெக்கார்டிங்தான். இன்னும் கொறைச்சுடறேன். அடியோட நிறுத்த மட்டும் சொல்லாதீங்க." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ரெக்கார்டிங்னு தெரியும் சார். தினமும் அதே பென்சிலுக்குத்தானே சண்டை!" சிரித்த அந்தம்மா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"கூட்டியே வைங்க. கீழ தனியா இருக்கேன், இன்னிக்குச் சரியாவே கேக்கல."