ராஜ்கோட்காரன் வராத ஊர்

குடும்பத்தோடு விடுமுறைக்கு வர இந்த ஊரைக் கண்டுபிடித்த பெருமை முழுக்க மாமனார் ரசிக்பாய்க்குத்தான்.

"கிர்கிஸ்தான்ல ஏரிக்கரை கிராமம்! துபாய் செலவுல பாதிகூட ஆகாது. நம்ம ராஜ்கோட்காரன் ஒருத்தனும் கண்ணுல பட மாட்டான்!"

வருஷா வருஷம் தனியாக ஹரித்துவார் போய்வரும் மனிதர். இங்கேயும் கிச்சடிதான், வெங்காயத்தைக்கூடக் கிட்டே சேர்க்கவில்லை.

மூன்றாம் நாள் மருமகள் ஹேதலுக்குப் பொறுக்கவில்லை. தங்கியிருந்த வீட்டுக்காரி ஐனுராவின் அடுப்படிக்குள் நழுவினாள்.

"அக்கா, கொல்லையில ஆட்டுத்தொடை தொங்குதே, ஒரு துண்டு வறுத்துத் தாங்களேன். மாமனாருக்குத் தெரிஞ்சா என்னைத் தலைமுழுகிடுவாரு!"

ஐனுரா கையை விரித்தாள்.

"அது அவருக்குன்னு எடுத்து வச்சதும்மா. வருஷா வருஷம் தனியா வர்றப்ப முற்றத்துல உக்காந்து ராஜா மாதிரி சாப்பிடுவாரு. இந்தத் தடவை உங்களுக்குப் பயந்து, பாவம், ஆட்டுக் கொட்டகையில ஒளிஞ்சு திங்கறாரு!"