நானூறாம் நம்பர் உப்புத்தாள்

வண்டியின் பானட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள்.

ஆர்.டி.ஓ. மைதானத்துக்கு வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் உள்ளே எட்டிப் பார்த்தார், மறுபடியும் குனிந்து பார்த்தார். நாற்பது வயது ஃபியட். என்ஜின் உட்கார்ந்திருந்த குழிக்குள் சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம் போலிருந்தது.

"யாருங்கம்மா பெயின்ட் வேலை?"

"நானுங்க."

பெருமையை மறைக்க அவளுக்குத் தெரியவில்லை.

வண்டி அவள் புருஷன் வையாபுரியுடையது. கல்யாணத்துக்கு முன்பே வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று அந்த வீட்டில் இருந்ததே இல்லை. எல்லாவற்றையும் வண்டி தின்றது. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியரைத் தரைக்கு இறக்கினார். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார். சீட், விளக்கு, ஹாரன் என்று மாற்றாத சாமான் இல்லை. அவளுக்குத் தீபாவளிச் சேலை எடுக்க மறந்திருக்கிறார். வண்டிக்கு உறை தைக்க மறந்ததில்லை.

"மூத்தாளைக் கொஞ்சினது போதும், வந்து சாப்பிடுங்க" என்று ஜன்னலில் நின்று கத்துவாள்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கத்தியதற்குப் பதில் வரவில்லை.

என்ஜினைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்த வாக்கிலேயே போயிருந்தார். கையில் துரு தேய்க்கிற உப்புத்தாள் இருந்தது.

பிறகு அவர் பெயர் ஒவ்வொரு இடமாகப் போயிற்று.

ரேஷன் கார்டில் அடித்தார்கள். வங்கியில் எடுத்தார்கள். வாக்காளர் பட்டியலில் நீக்கினார்கள். கரண்டுப் பில் அவள் பெயருக்கு வந்தது. எல்லா இடத்திலும் அவளேதான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை மட்டும் கொடுக்கவில்லை.

அதில் அவர் இன்னும் உயிரோடு இருந்தார். இந்த மாதக் கடைசியோடு அதன் கெடு முடிகிறது. வண்டியைக் காட்டிப் புதுப்பித்துவிட்டால் அந்தப் பெயர் இன்னும் ஐந்து வருடம் இருக்கும்.

ஐந்து வருடம் போதும் என்று நினைத்தாள். அதற்குமேல் தான் இருக்கப்போவதில்லை என்று ஏனோ ஒரு நம்பிக்கை.

விண்ணப்பத்தில் அவருடைய கையெழுத்தை அவளே போட்டாள். இருபத்தாறு வருடம் பார்த்த கையெழுத்து. பிசகவில்லை.

துருவோடு போனால் தள்ளிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அதனால் அவர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். சொரசொரப்பான எண்பதாம் நம்பர் தாளில் ஆரம்பித்து நைசான நானூறாம் நம்பரில் முடித்தாள். பட்டி பூசினாள். மறுபடி தேய்த்தாள். பெயின்ட் அடித்தாள். ஆறு மாதத்தில் தோள்பட்டை கழன்றுவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, இந்தப் பொறுமை அவருக்கே கிடையாது. மெக்கானிக்கை வரவழைத்து என்ஜினை இறக்கி மாட்டினாள். கடைசியில் ஓட்டவும் கற்றுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு துண்டு வெள்ளைக் காகிதமும் பென்சிலும் நீட்டினார்.

"சேஸிஸ் நம்பர் மேல வெச்சுத் தேய்ச்சுக் குடுங்கம்மா. ஃபாரத்துல ஒட்டோணும்."

எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அவரே காட்டினார். என்ஜினுக்குப் பின்னால், வலது பக்கத் தகட்டில், கம்பெனியிலேயே கொத்தி அனுப்புகிற நம்பர்.

காகிதத்தை வைத்துத் தேய்த்தாள்.

கறுப்பு ஏறியது. எண் வரவில்லை.

அழுத்தித் தேய்த்தாள். காகிதம் கிழிந்தது. இன்னொன்று கொடுத்தார்.

அதிலும் வெறும் கறுப்பு.

அப்போதுதான் அந்த இடம் அவளுக்கு ஞாபகம் வந்தது. துருவைச் சுரண்டியபோது அடியில் வரிசையாகப் பள்ளங்கள் தெரிந்தன. யாரோ உளியால் கொத்திவிட்டது போல. பார்க்க அசிங்கமாக இருந்தது. தாளுக்கு மசியவில்லை. பக்கத்துப் பட்டறையில் கிரைண்டர் இரவல் வாங்கினாள். இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினாள். மிச்சம் இருந்ததில் பட்டியை அப்பி மூடினாள்.

வண்டியிலேயே அவள் அதிகம் பாடுபட்ட இடம் அதுதான்.

அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

இருபத்தாறு வருடம் அந்த வண்டியைத் திட்டியிருக்கிறாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்தில் போய் நின்று இது என்ன என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். சோறு ஆறிப்போகும்வரை சொல்லியிருப்பார்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர். நகத்தால் சுரண்டிப் பார்த்தார். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"இது இல்லாட்டி எந்த வண்டின்னே சொல்ல முடியாதுங்கம்மா. திருட்டு வண்டிக்காரந்தான் இப்படித் தேய்ப்பான்." அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "புதுசா நம்பர் அடிக்க வழி இருக்குது. ஆனா ஆர்.சி.ல பேர் இருக்கறவரு நேர்ல வந்து எழுதிக் குடுக்கோணும்."

புத்தகத்தைப் பிரித்தார்.

"வையாபுரி. வீட்டுக்காரருங்களா?"

"ஆமாங்க."

"வரச் சொல்லுங்க. அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன்."

செத்துப்போய்விட்டார் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தகமும் அத்தோடு முடிந்திருக்கும்.

"சரிங்க" என்றாள்.

வண்டியை எடுத்து மைதானத்து ஓரமாக, வேப்பமரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அடுத்த வண்டிக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். யாரும் அவளைக் கவனிக்கவில்லை.

இறங்கினாள். சுற்றிக்கொண்டு வந்து இடது பக்கக் கதவைத் திறந்து, டிரைவர் சீட்டைக் காலியாக விட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

மணி பதினொன்றுதான் ஆகியிருந்தது.